கதவைத் தாங்கும் கணக்கு

வேனையும் சிறு லாரியையும் வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை நம் நாட்டிலும் வளர்ந்து வருகிறது. பள்ளி விடுமுறையில் போர்ட்டிக்சன் கடற்கரைக்கோ கேமரன்மலைக்கோ போனால் கேம்பர்வேன்களைப் பார்க்கலாம். சமூக ஊடகத்தில் அவற்றின் மெத்தையும் விளக்கும் அடுப்பும்தான் படமாக வருகின்றன. வண்டியின் வெளிப்புறத்தில், சக்கரத்துக்குச் சற்று மேலே இருக்கும் சாமான் அறைகளின் கதவை யாரும் படமெடுப்பதில்லை. நான் எழுத வந்தது அந்தக் கதவைப் பற்றித்தான். திறந்து வைத்த கதவு கீழே விழாமல் எப்படி நிற்கிறது? இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் கல்வியில் விடுபட்டுப் போன ஒன்று இதில் இருக்கிறது என்பது என் கருத்து.

போலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படிக்கிறேன். வார இறுதியில் கிள்ளானில் உறவினர் ஒருவரின் பட்டறையில் கைவேலை செய்கிறேன். அங்கு வரும் மோட்டார்ஹோம்களில் பாதிக்கு இந்தக் கதவுதான் தொல்லை. கீல் மேலே இருக்கும். கதவை மேல்நோக்கித் தூக்கித் திறக்க வேண்டும். உள்ளேயிருந்து மடக்கு மேசையையோ தண்ணீர்க் கலனையோ எடுக்க இரண்டு கையும் வேண்டும். ஆனால் ஒரு கை கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பலர் துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுக்கிறார்கள். காற்று அடித்தாலோ குழந்தை இடித்தாலோ கட்டை நழுவும். அலுமினிய விளிம்புள்ள கதவு, குனிந்திருப்பவரின் பிடரியில் இறங்கும்.

இதற்குத் தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான். மைவி காரின் பின்கதவைத் திறந்தால் இரு பக்கமும் கறுப்புக் குழாய் ஒன்று மெல்ல நீண்டு தாங்கிக்கொள்கிறதே, அதுதான். நம் பட்டறைகளில் அதை ‘அப்சோர்பர்’ என்பார்கள். உண்மையில் அது ஒரு வாயுச் சுருள்வில். குழாய்க்குள் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். சிறிதளவு எண்ணெயும் இருக்கும். வாயு தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விசையுடன் தள்ளும் என்பதைக் குழாயின் மீதே நியூட்டனில் அச்சிட்டிருப்பார்கள்.

தவறு இங்கேதான் தொடங்குகிறது. ‘பெரியதாகவே வாங்கிவிடு, நன்றாகத் தாங்கும்’ என்று நினைத்து 300 நியூட்டன் ஜோடியை இணையத்தில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பொருத்தினால் கதவு திறக்கிறது, மூட மாட்டேன் என்கிறது. இழுத்து மூடும்போது மெல்லிய கதவு வளைகிறது. சில மாதத்தில் கீலின் திருகாணி கழன்று வருகிறது. ஆறு மாதத்தில் இப்படி மூன்று கதவுகளைப் பார்த்துவிட்டேன்.

எத்தனை நியூட்டன் வேண்டும் என்பதற்கான கணக்கை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். இரண்டாம் படிவ அறிவியலில் வந்த ‘மொமென் டாயா’தான் அது, தமிழில் திருப்புத்திறன். விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவே. ஏற்றப்பலகையின் இரு முனையிலும் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு, தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிட்டோம்.

இப்போது அதைக் கதவில் போட்டுப் பாருங்கள். கதவைக் கழற்ற வேண்டியதில்லை. விமான நிலையத்துக்குப் போகும் முன் பெட்டியை நிறுத்துப் பார்ப்போமே, அந்தத் தொங்கு தராசு போதும். கதவின் கீழ் விளிம்பில் அதை மாட்டி, கதவு தரைக்கு இணையாக வரும்வரை மேலே தூக்கிப் பிடியுங்கள். தராசு 3 கிலோ காட்டுகிறது, கீலிலிருந்து விளிம்பு 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 × 9.8 × 0.5, அதாவது 14.7 நியூட்டன் மீட்டர். கதவு கீழே விழத் துடிக்கும் அளவு இது. திறந்த நிலையில் குழாய் தள்ளும் கோடு கீலிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 14.7 ஐ 0.1 ஆல் வகுக்க 147 நியூட்டன். இரண்டு குழாய்க்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 74. கையிருப்பாக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 90 பக்கம் வரும். ஆக, 90 அல்லது 100 நியூட்டன் குழாய் இரண்டு போதும். அந்த 300 நியூட்டன் ஜோடியைப் போட்டவர், கதவை மூட விளிம்பில் 9 கிலோவுக்கு மேல் தொங்க வேண்டியிருக்கும். கணக்கு முடிய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எங்கே பொருத்துவது என்பது இதைவிடச் சுவையானது. கதவு மூடியிருக்கும்போது குழாய் தள்ளும் கோடு கீலுக்கு மிக அருகிலோ, கீலைச் சற்றுத் தாண்டியோ போக வேண்டும். தாண்டிப் போனால் அதே குழாய் கதவை மூடிய நிலையிலேயே அழுத்திப் பிடிக்கும். கோடு கீலை விட்டு வெகுதூரம் விலகியிருந்தால், மூடிய கதவை அது இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சுமை முழுவதும் பூட்டின்மீது விழும். இன்னொன்று, மூடிய நிலையில் இரு பிடிகளுக்கும் இடையே உள்ள தூரம் குழாயின் சுருங்கிய நீளத்தைவிடச் சில மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அடிமுட்டி, பிடியைப் பிடுங்கிவிடும். அட்டையில் கதவு, கீல், இரண்டு பிடிகள் எல்லாவற்றையும் அசல் அளவில் வெட்டி, ஊசியால் குத்திச் சுழற்றிப் பார்த்த பிறகுதான் துளைபோட வேண்டும். எங்கள் பட்டறையில் பழைய மைலோ பெட்டி அட்டைதான் இதற்கு.

நான்காம் படிவ இயற்பியலும் இதில் வருகிறது. கன அளவு மாறாதபோது, வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு ஏற்பக் கூடிக் குறையும் என்று படிக்கிறோம். குழாயில் அச்சிட்ட விசை பொதுவாக 20 பாகை செல்சியசில் அளந்தது. கிள்ளான் வெயிலில் 35 பாகையில் நன்றாக நின்ற கதவு, கேமரன்மலையில் 15 பாகைக் குளிரில் மெல்லத் தலைகவிழலாம். 308 கெல்வினிலிருந்து 288க்கு இறங்கினால் விசை சுமார் 6 விழுக்காடு குறையும். ஐந்தில் ஒரு பங்கு கையிருப்பு கூட்டியது இதற்காகவும்தான். குழாய் பழசாகும்போது வாயு சிறிது சிறிதாகக் கசிவது அடுத்த காரணம்.

ஆனால், இந்தக் கணக்கை அழகாகப் போட்டுக் காட்டும் என் வகுப்புத் தோழர்களில் பலரால் கதவில் ஒரு திருகாணியை உறுதியாக இறக்க முடியாது. மோட்டார்ஹோம் சுவர் பார்க்கத் தடிப்பாக இருக்கும். உள்ளே நுரை, இரு பக்கமும் மெல்லிய தகடு. வெறும் திருகாணி அதில் பிடிக்காது. பின்னால் ஒரு தகட்டை வைத்து முடுக்க வேண்டும். துளையில் நீர்புகாப் பசை தடவ வேண்டும், மழை நம் ஊர் மழை. கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் எண்ணெய் அடைப்பானை நனைத்துக் காக்கும். பழைய குழாயைத் துளைக்கவோ தீயில் போடவோ கூடாது. பட்டறையில் 20 ஆண்டாக வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்கு இவை அத்தனையும் விரல் நுனியில். அவர் மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியவர். நான் எண்ணைச் சொன்னேன், அவர் இடத்தைக் காட்டினார். எங்களில் ஒருவர் இல்லாமல் மற்றவர் செய்திருந்தால் அந்தக் கதவு பழையபடி துடைப்பக் கட்டைக்கே போயிருக்கும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? எஸ்.பி.எம். முடிவு நன்றாக வந்தால் கையில் எண்ணெய் படாத படிப்பு. வராவிட்டால் ‘சரி, ஏதாவது கைத்தொழிலுக்குப் போகட்டும்’ என்று தொழிற்கல்லூரி. முதல் பிள்ளைக்குத் துளைப்பான் தேவையில்லை என்றும் இரண்டாம் பிள்ளைக்குத் திருப்புத்திறன் புரியாது என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுமே பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். மலேசியத் திறன் சான்றிதழுக்குப் படிக்கும் மாணவருக்குக் கணக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள், அந்த 9 கிலோ கதவை ஒரு நாள் இழுத்து மூடிப் பார்க்கட்டும்.

எல்லாக் கதவுக்கும் வாயுக் குழாய் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சிறிய கதவு முழுதாக மேலே மடங்கிச் சுவரோடு ஒட்டும் என்றால் ஒரு காந்தப் பிடியோ கொக்கியோ போதும். கீல் கீழே இருந்தால் ஒரு சங்கிலி. மைவியிலேயே பாருங்கள்: எப்போதாவது திறக்கும் முன் மூடிக்கு வெறும் இரும்புக் கம்பி, அடிக்கடி திறக்கும் பின்கதவுக்குத்தான் வாயுக் குழாய்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார்ஹோம் தேட வேண்டாம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மேல்நோக்கித் திறக்கும் பலகைக் கதவு இருந்தால் போதும். ஒரு தொங்கு தராசு, அளவுநாடா, அட்டைப்பெட்டி. எத்தனை நியூட்டன், எங்கே பிடி என்பதைப் பிள்ளைகள் நால்வர் நால்வராகக் கண்டுபிடித்துத் தாளில் எழுதட்டும். பிறகு பள்ளிக்கு வேலை செய்து தரும் தச்சரை வரவழைத்து, அந்தத் தாளை அவரிடம் காட்டச் சொல்லுங்கள்.