200 பேர் விருந்துக்கு எந்தச் சாலட்?

கேள்வி: சித்திரைக் கடைசியில் எங்கள் குலதெய்வக் கோயிலில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கிடா விருந்து, 200 பேர் வருவார்கள். சமையலுக்கு ஆள் பேசியாகிவிட்டது. “பச்சைக் காய்கறியில் ஒரு சாலட் மட்டும் நீ கொண்டு வந்துவிடு” என்று அண்ணி சொல்லிவிட்டார். கோயிலுக்கு வேனில் 1 மணி நேரம் போக வேண்டும். எல்லோரும் விரும்பிச் சாப்பிட எதைச் செய்யலாம்? எங்கள் தோட்டத்திலேயே 20 சென்ட்டில் வெள்ளரி காய்க்கிறது. பழ ஈக்காக வாரம் ஒரு முறை மருந்து அடிக்கிறோம். நன்றாகக் கழுவிவிட்டால் போதும்தானே?
- ஒரு வாசகி, மணப்பாறை வட்டாரம்

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. போதாது.

மேலே படிந்த மருந்தில் ஒரு பங்கு கழுவினால் போகும். தோல் சீவினால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் செடிக்குள் ஊடுருவிப் பாயும் வகை மருந்து காயின் சதைக்குள்ளேயே இருக்கும். உப்புத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் அதை வெளியே எடுத்துவிடாது. கடைசியாக மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று மருந்துப் புட்டியோடு வரும் தாளில் போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து இந்தக் கணக்கு மாறும். வெள்ளரிக்குப் பரிந்துரை இல்லாத மருந்தாக இருந்தால் அந்தத் தாளில் கணக்கே இருக்காது. அப்படிப்பட்ட காயை விருந்துக்கு எடுக்கவே வேண்டாம்.

இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லி, விருந்துக்கு வேண்டிய நான்கைந்து வரிசைகளில் மருந்தை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வரிசைகளுக்கு அடையாளமாகக் குச்சி நட்டு, கடைசியாக அடித்த தேதியை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். பழ ஈக்குக் கியூலூர் கவர்ச்சிப் பொறி வைக்கலாம். மாவுக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்கு வெள்ளரி ஈ வராது, கடையில் கேட்டு வாங்குங்கள். ஈ குத்திய பிஞ்சுகளைப் பறித்து மண்ணில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். நாள் கணக்கு ஒத்துவராவிட்டால் தயங்காமல் வெளியில், மருந்து அடிக்காத இடம் தெரிந்து வாங்குங்கள். வீட்டில் வெள்ளரி இருக்க விலை கொடுத்து வாங்குவதா என்று மாமியார் கேட்கத்தான் செய்வார். கேட்கட்டும். இலையில் உட்காருபவர்களில் கைக்குழந்தைக்காரியும் கர்ப்பிணியும் இருப்பார்கள்.

இனி எதைச் செய்வது என்பதற்கு வருவோம். கிடா விருந்தில் வெங்காயத் தயிர்ப்பச்சடியைச் சமையல்காரரே போட்டுவிடுவார், நீங்களும் அதையே கொண்டு போக வேண்டாம். தக்காளி வெட்டிய கொஞ்ச நேரத்தில் நீர் விட்டுவிடும். பீட்ரூட் இலை முழுக்கச் சிவப்பாக்கிவிடும். முளைகட்டிய பயறு இப்போது எல்லா விருந்திலும் வருகிறது. ஆனால் முளை விடும் அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை. ஆவியில் வேகவைக்காமல் 200 பேருக்கு அதைப் போட நான் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு வெள்ளரி, கேரட், பாசிப்பருப்பு சேர்ந்த கோசம்பரி. ராமநவமிக்கு வடைபருப்பு சாப்பிட்டவர்களுக்கு இது புதிதல்ல. பல் போன தாத்தாவும் சாப்பிடலாம், குழந்தையும் சாப்பிடும். காரக் குழம்புக்கு நடுவே குளுமையாக இருக்கும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஓர் இலைக்கு 50 கிராம் வைத்தால் 200 பேருக்கு 10 கிலோ வேண்டும். வெள்ளரி 7 கிலோ வாங்கினால் தோலும் நுனியும் போக 6 கிலோ தேறும். கேரட் ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ (ஊறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்), தேங்காய் 4, எலுமிச்சை 15, கொத்தமல்லி 4 கட்டு. உப்பை 80 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். கிளிமூக்கு மாங்காய் கிடைத்தால் இரண்டைத் துருவிப் போட்டு எலுமிச்சையைக் குறைக்கலாம்.

வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது வெளியே வந்துவிடும். வீட்டிலேயே எல்லாவற்றையும் கலந்து எடுத்துப் போனால், கோயிலில் இறங்கும்போது பாத்திரத்தின் அடியில் குளம் நிற்கும். சித்திரை வெயிலில் வெட்டிக் கலந்தது 1 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பதும் நல்லதல்ல. அதனால் காய்களை முழுசாகக் கழுவித் துடைத்து எடுத்துப் போங்கள். வேன் ஏறும்போது பருப்பைக் கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றித் தூக்குவாளியில் மூடிவிடுங்கள். அந்த 1 மணி நேரப் பயணத்திலேயே ஊறிவிடும். இறங்கியதும் வடிகட்டி, ஈரம் போகத் துணியில் பரப்புங்கள். தேங்காயையும் அங்கேயே உடைத்துத் துருவுங்கள்.

வெட்டுவதற்கு உங்கள் வீட்டு அரிவாள்மனையும் பலகையும் வேண்டும். கறி வெட்டிய கத்தியை இரவல் வாங்காதீர்கள், கறி அலசிய கையோடு உதவிக்கு வருபவரையும் அன்பாக வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். கறி கொதித்துவிடும், சாலட் கொதிப்பதில்லை. ஒவ்வொரு வெள்ளரியிலும் காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் காய்ந்த கொடியில் கசப்பு ஏறும். நாக்கில் கசந்தால் அந்தக் காயை முழுசாகவே ஒதுக்குங்கள். ஒரே ஒரு கசப்புக் காய் மொத்தப் பாத்திரத்தையும் கெடுத்துவிடும்.

கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் தாளித்ததை வீட்டிலேயே ஆறவைத்துத் தனி டப்பாவில் கொண்டு போகலாம். மிளகாயைக் கீறிப் போட்டால் குழந்தைகளுக்குப் பரிமாறும்போது எடுத்துவிட வசதி.

வெள்ளரி, கேரட், பருப்பு மூன்றையும் தனித்தனியே மூடி, அடியில் ஐஸ் கட்டி வைத்த அன்னக்கூடையில் நிழலில் வையுங்கள். ஐஸ் பையோடு இருக்கட்டும், உருகிய நீர் காயில் படக் கூடாது. முதல் பந்திக்கு இலை போடும்போது அந்தப் பந்திக்கு வேண்டியதை மட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து உப்பு, எலுமிச்சை, தாளிப்பு சேர்த்துக் கலக்குங்கள். புளிப்புக்கு அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது. அடுத்த பந்திக்கு அடுத்த கலவை. பந்தி முடிந்து கலந்தது மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம். கலக்காத வெள்ளரி மிஞ்சினால் மறுநாள் கூட்டு வைத்துக்கொள்ளலாம்.