டர்போவின் ஆயுள் ஆயிலில்

பாறசாலையைத் தாண்டினால் கேரளம் முடிகிறது. களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விழுந்த கோடு இது. பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களில் இன்றும் இரண்டு மொழிகளும் புழங்குகின்றன. கே.எல். 19, கே.எல். 20 கார்களும் மார்த்தாண்டத்தின் டி.என். 75 கார்களும் ஒரே சாலையில்தான் நெரிசல் படுகின்றன.

இன்று விற்கும் சிறிய கார்கள் பலவற்றின் பானெட்டுக்குள் டர்போ. வேகத்தின் மீதுள்ள மோகம் மட்டும் காரணமல்ல, வரியும்தான். நான்கு மீட்டருக்கு மிகாத நீளம், 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சின் இருந்தால் சலுகை என்றது 2006 மத்திய பட்ஜெட். 2025 செப்டம்பர் ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் அதே அளவுகோல்: சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் பலத்தைக் கறக்க டர்போ கைகொடுக்கிறது.

யோசனை பழையது. ஸ்விஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூஹி 1905இல் காப்புரிமை பெற்றது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டிலுள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஆயில் கெட்டால் டர்போவும் கெடும்.

பராமரிப்பை மறந்தால் என்னவாகும் என்பதற்கு 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் உதாரணம். அதற்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும். உரிமையாளர்கள் பலர் மறந்தார்கள். 1963உடன் கார் நின்றது. விற்ற கார்கள் பலவற்றில் டர்போவே கழற்றப்பட்டது.

எல்லைக் கிராமங்களின் சிக்கல் வேறு. பள்ளி, சந்தை, கோயில், சர்ச் என்று எல்லாமே குட்டிப் பயணங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே வீடு வந்துவிடுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. 'ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே' என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. கம்பெனி சொன்ன தரத்தில்தான் ஆயில் ஊற்ற வேண்டும். ஏர் ஃபில்டரில் அலட்சியம் கூடாது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால், சாவியைத் திருப்பும் முன் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது நல்லது.

எல்லை தாண்டி பழைய கார் வாங்குபவர்கள் தடையில்லாச் சான்றையும் சாலை வரியையும் துருவிப் பார்க்கிறார்கள். பதிவு 15 ஆண்டு. வாரண்டி அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆகவே சர்வீஸ் ரசீதுகளையும் கேட்க வேண்டும். புகைக்குழாயில் நீலப் புகை, வேகமெடுக்கும்போது வழக்கத்தை மீறிய விசில் சத்தம் என்றால் பேரத்தை நிறுத்தி மெக்கானிக்கை அழைப்பதே புத்திசாலித்தனம். ஆர்.சி. புத்தகம் காரின் வயதைச் சொல்லும்; ஆயில் ரசீதுதான் ஆயுளைச் சொல்லும்.