கிட்டாருக்கு பாஸ் பெட்டி ஆகாதா?

ஈஜிபுரா, விவேக்நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கிட்டார் பழகும் பிள்ளைகளைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு மெல்லிசைக் குழு. பொங்கல் விழாவுக்கு மேடை தயார். பிரச்சினை அதன்பிறகுதான். பாஸ் கிட்டாருக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கிய கையோடு, லீட் கிட்டாருக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்கிறார்கள். பாஸ் பெட்டியில் கிட்டார் ஆம்ப்ளிபயரை மாட்டினால் எரிந்துவிடுமாம்! வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டித் தவிக்கும் பெற்றோர், இந்தப் பேச்சை நம்பிக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் பெண்டர் கம்பெனி 1952-இல் பாஸ் கிட்டாருக்கென்றே 'பாஸ்மேன்' என்ற ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்தது. பின்னாளில் பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்து வந்த பாஸ்மேனை லீட் கிட்டார்காரர்கள் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் தம் முதல் ஆம்ப்ளிபயரைச் செய்தபோது முன்மாதிரியாகக் கொண்டதும் அதைத்தான்.

காரணம் எளிது. கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் ஒலி சுமார் 82 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரில் அது 41. மூட்டை சுமப்பவனுக்குக் கைப்பை ஒரு பாரமா? தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து: பாஸ் கிட்டாரைச் சாதாரண கிட்டார் பெட்டியில் உரக்க வாசித்தால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அளவுமீறி ஆடிக் கெட்டுப்போகும்.

பயப்பட வேண்டியது 'ஓம்' கணக்குக்கு. ஆம்ப்ளிபயரின் பின்புறமும் பெட்டியின் பின்புறமும் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். குறைந்தது 8 ஓம் வேண்டும் என்கிற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் 4 ஓம் பெட்டியை மாட்டினால் சூடேறிப் பழுதாகும். இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாக மாட்டினாலும் கணக்கு 4 ஓம்தான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வால்வு ஆம்ப்ளிபயருக்கு ஓம் சரியாகப் பொருந்த வேண்டும். பெட்டியை இணைக்காமல் அதை இயக்கவே கூடாது, டிரான்ஸ்பார்மர் போய்விடும். பெட்டி தாங்கும் வாட்ஸ் ஆம்ப்ளிபயர் தருவதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கிட்டாரைச் செருகும் மெல்லிய ஒயரைப் பெட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பீக்கருக்கான தடித்த ஒயர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

ஒலி ஒன்றுபோல் இருக்குமா? இராது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானே அடங்கிவிடும். பல பாஸ் பெட்டிகளில் ட்வீட்டர் உண்டு. கரகரப்பொலி வைத்து வாசித்தால் அது காதைக் குத்தும். ட்வீட்டரைக் குறைக்கும் திருகு இருந்தால் குறைத்துவிடுங்கள். ராக் வெறியர்கள் அப்போதும் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. நம் சினிமாப் பாட்டுகளின் தெளிவான கிட்டார் ஒலிக்கு பாஸ் பெட்டி எனக்குப் பிடித்தே இருக்கிறது.

மேடையில் ஒரே நேரத்தில் பாஸும் லீடும் வாசிக்க இரண்டு பெட்டி தேவைதான். அந்த ஒரு நாளுக்கு இன்னொன்றை வாடகைக்கு எடுங்கள். எடுக்குமுன் ஆம்ப்ளிபயரின் ஓம் எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.