பள்ளிப் பிள்ளைகளின் ஆகாரம்

பசித்த பிள்ளைக்கு அன்னமிட்டுக் கல்வி புகட்டும் தர்மத்தில் தமிழ்நாடு நெடுநாளாக முன்னின்று வருகிறது. 1920-ம் வருஷத்தில், ஸ்ரீ பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஸ்ரீ காமராஜ் முதல் மந்திரியாயிருந்தபோது, 1956-ல், பகலுணவு கிராமங்களை எட்டியது. 1982-ல் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் அதனைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. கட்சி பேதமின்றி ஒரு நூற்றாண்டாக வளர்ந்த நற்காரியம் இது.

ஆயினும், வயிறு நிரம்பியவுடன் நமது கடமை தீர்ந்ததா? 2019-21-ம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை கண்டிருக்கிறது. நாளைய தாய்மார்கள் இவர்களே என்பதை எண்ணுங்கால் நமது நெஞ்சம் பதைக்கிறது.

பாடப்புத்தகத்தில் வைட்டமின்களின் ஜாபிதா உண்டு. பரீக்ஷைக்காகப் பிள்ளைகள் அதனை நெட்டுருப் போடுகிறார்கள். அதே பிள்ளை தட்டிலிட்ட கீரையை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறது! கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் துணை செய்யும். உண்டவுடன் குடிக்கும் தேநீர் அதற்கு இடையூறாகும். கேழ்வரகிலுள்ள சுண்ணாம்புச்சத்து அரிசியிலுள்ளதைப்போல் பல மடங்கு. இவற்றைப் போதிக்கத் தனிப் பீரியடு வேண்டியதில்லை. உபாத்தியாயர் பிள்ளைகளோடு பந்தியில் அமர்ந்து, தாமும் அக்கீரையை உண்டு, நாலு வார்த்தை சொல்வாராயின் அதுவே சிறந்த பாடமாகும்.

உள்ளே இட்ட சோற்றின் பயனை வாயிலிலுள்ள கடை கெடுத்துவிடுகிறது. 300 மில்லி லிட்டர் கோலாப் பானத்தில் ஏறக்குறைய ஏழு தேக்கரண்டிச் சர்க்கரை கரைந்திருக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டர் எல்லைக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கலாகாதென்று மத்திய சர்க்காரின் உணவுப் பாதுகாப்பு அதிகார ஸ்தாபனம் 2020-ல் விதி செய்திருக்கிறது. விதி ஏட்டில் இருக்கிறது; பொட்டலங்களோ பள்ளி வாசலிலேயே சரம் சரமாய்த் தொங்குகின்றன. சட்டத்தோடு பழகிய நாம் ஒன்று சொல்வோம்: காவலில்லாத விதி, விதியில்லாமையினும் கேடு, ஏனெனில் வேலை முடிந்துவிட்டதென்ற மயக்கத்தை அது உண்டாக்குகிறது.

கடை வைத்துப் பிழைக்கும் ஏழைக் கிழவியின் வயிற்றில் அடிக்கலாமா என்று சிலர் கேட்கலாம். அடிக்க வேண்டாம். அவள் வேர்க்கடலையும் சுண்டலும் கொய்யாவும் விற்கட்டும். பிள்ளைகளை அவற்றை வாங்கப் பழக்குவோம். கண்டிக்கப்பட வேண்டியவர்கள், சிறுவரின் நாவைக் குறிவைத்து விளம்பரம் செய்யும் பெரிய கம்பெனிக்காரர்களே.

சர்க்கார் ஆணைக்காக இனியும் காத்திருக்க வேண்டுவதில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கே உரியது. ஆனால் அக்கூட்டங்களுக்குத் தாய்மாரை அனுப்பிவிட்டு, நம்மில் எத்தனை தகப்பன்மார் திண்ணையில் அரசியல் பேசியிருக்கிறோம்! அடுத்த கூட்டத்துக்கு நேயர்கள் தவறாது செல்க. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்தை நடந்து அளந்து, கண்டதைக் குறிப்பேட்டில் பதிவு செய்விக்க. தேச சேவை அந்த ஐம்பது மீட்டரிலும் இருக்கிறது.