பைக்குல ஹெல்மெட் போடலைன்னா ஆட்டோவும் நிக்கணுமா?



இன்னிக்கு கொஞ்சம் நீளமான பதிவு. ஆட்டோ, கால் டாக்ஸி, லோடு வண்டி, டெலிவரி பைக்னு வண்டியை நம்பி வாழ்ற குடும்பம் உங்க தெருவுல ஒண்ணாவது இருக்கும். அவங்களுக்காக முழுசா படிங்க.

ஒரு உதாரணம். ஆட்டோ ஓட்டுற ஒரு அண்ணன், ஞாயித்துக்கிழமை ஹெல்மெட் இல்லாம பைக்கை எடுத்துக்கிட்டு கறிக்கடைக்குப் போறார். மாட்டிக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194டி. அபராதம் 1,000 ரூபாய். பணத்தைக் கட்டினா முடிஞ்சுதுன்னு நாம நினைப்போம். ஆனா அதே பிரிவுல இன்னொரு வரியும் இருக்கு: 3 மாசம் லைசென்ஸ் வெச்சிருக்கத் தகுதி கிடையாது.

பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அவர்கிட்ட இருக்கிறது ஒரே லைசென்ஸ்தான். அது மொத்தமா சஸ்பெண்ட் ஆனா, தப்பு நடந்தது பைக்குல, நிக்கப்போறது ஆட்டோ. ஸ்கூல் சவாரி போச்சு. 3 மாச டியூ நிக்கும். ஃபைனான்ஸ்காரன் வாசல்ல வந்து நிப்பான். ஒரு ரூம்ல பல்பு ஃபியூஸ் ஆனதுக்கு வீட்டு மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ற மாதிரி இருக்கு இது.

ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடுறோம். ஹெல்மெட் சட்டத்துக்கு நாம எதிரி கிடையாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல மட்டும் இந்தியச் சாலைகள்ல 1,68,491 பேர் செத்திருக்காங்க. அந்த வருஷம் அதிக விபத்து நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடு: 64,105 விபத்து. தண்டனை வேணும், கண்டிப்பா வேணும். அந்தத் தண்டனை தப்பு செஞ்சவரோட போகணுமா, அவர் வீட்டு அடுப்பையும் சேர்த்து அணைக்கணுமா என்பதுதான் நம்ம கேள்வி.

சட்டத்துலயே ஒரு கதவு இருக்கு

லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ற அதிகாரம் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது நம்ம ஆர்.டி.ஓ.வுக்கு, பிரிவு 19-ல இருந்து வருது. போலீஸ் பிடிச்சு அனுப்புற லைசென்ஸை என்ன செய்யணும்னு 2019 திருத்தம் 19(1ஏ)-ன்னு ஒரு உட்பிரிவைச் சேர்த்துச்சு. அதை நிதானமா படிச்சுப் பாருங்க. முதல்ல அந்த நபரோட விளக்கத்தைக் கேட்கணும். கேட்ட பிறகு அவரை விடுவிக்கவும் செய்யலாம். தண்டிக்கிறதா இருந்தா, காரணத்தை விரிவா எழுதி, லைசென்ஸ்ல இருக்கிற எல்லா வகை வண்டிக்கும் "அல்லது ஏதாவது ஒரு வகை வண்டிக்கு மட்டும்" தகுதி இழப்பு செய்யலாம். முதல் தப்புன்னா 3 மாசம். மறுபடி செஞ்சா லைசென்ஸே ரத்து.

அந்த ஒரு வார்த்தை போதும், சொந்தங்களே. பைக்கை மட்டும் 3 மாசம் தடை பண்ணி, ஆட்டோவை ஓட விடறதுக்கு சட்டத்துல இடம் இருக்கு. பிரிவு 23-ம் அதையேதான் சொல்லுது: உத்தரவுல எந்த அளவுக்குத் தடைன்னு எழுதியிருக்கோ, அந்த அளவுக்கு மட்டும்தான் லைசென்ஸ் செல்லாது. 194டி-யையும் 19(1ஏ)-வையும் சேர்த்துப் படிக்கணும் என்பதுதான் நம்ம வாதம். ஆர்.டி.ஓ. மாநில அரசோட அதிகாரி. அவருக்கு ஒரு தெளிவான சுற்றறிக்கை அனுப்ப டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை.

உத்தரவுக்கு முன்னாடியே தண்டனை

இன்னொரு சிக்கலும் இருக்கு. போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றினா கையில ஒரு தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுக்கணும். பிரிவு 206(3) படி, அதுல குறிச்ச தேதி வரைக்கும் அந்தச் சீட்டை வெச்சு வண்டி ஓட்டலாம். ஆனா 2019-ல சேர்த்த 206(4) வேற மாதிரி. அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல், குடிபோதை, ஹெல்மெட் இல்லாதது, பைக்குல மூணு பேர் போறது மாதிரியான குற்றங்களுக்கு லைசென்ஸைக் கைப்பற்றினா, சீட்டு கிடைக்கும், வண்டி ஓட்ட அனுமதி கிடையாது. லைசென்ஸ் திரும்பக் கையில கிடைக்கிற வரைக்கும் வண்டி நிக்கணும். குடிச்சிட்டு ஓட்டினவருக்கும் ஹெல்மெட் மறந்தவருக்கும் ஒரே தராசு. இது நியாயமா?

டெலிவரி தம்பிக்கு என்ன வழி?

ஆட்டோ அண்ணனுக்கு 19(1ஏ) கைகொடுக்கும். டெலிவரி தம்பிக்கு? அவனோட பிழைப்பே பைக்தான். பைக்குக்குத் தடைன்னா சம்பாத்தியம் பூஜ்யம். இங்கதான் வெளிநாடுகள்ல இருக்கிற கட்டுப்பாட்டு லைசென்ஸ் பத்தி நாம பேசணும்.

நியூசிலாந்துல 'லிமிடெட் லைசென்ஸ்'னு ஒண்ணு இருக்கு. லைசென்ஸ் போனவர் மாவட்ட நீதிமன்றத்துல விண்ணப்பிக்கலாம். தனக்குக் கடுமையான கஷ்டம், இல்லைன்னா தன்னை நம்பி இருக்கிறவங்களுக்கு நியாயமில்லாத கஷ்டம்னு நிரூபிக்கணும். பெரும்பாலான வழக்குகள்ல முதல் 28 நாள் வண்டியைத் தொடவே கூடாது. எந்த வண்டி, எந்த நேரம், எந்த வேலைன்னு எல்லாத்தையும் நீதிமன்ற உத்தரவே சொல்லிடும்.

ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்துல இதுக்குப் பேர் 'வொர்க் லைசென்ஸ்'. குடிபோதை வழக்குன்னா, தடை உத்தரவு போடுறதுக்கு முன்னாடியே நீதிமன்றத்துல கேட்டாகணும். போதை அளவு ரொம்ப அதிகமா இருந்தா கேட்க முடியாது. 5 வருஷத்துக்குள்ள ஏற்கெனவே அதே குற்றத்துல மாட்டியிருந்தாலும் முடியாது. அமெரிக்காவுலயும் பல மாநிலங்கள்ல வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓட்ட அனுமதி தர்றாங்க. குடிச்சு மாட்டினவர், ஊதிக் காட்டினாத்தான் ஸ்டார்ட் ஆகுற கருவியை வண்டியில மாட்டணும்.

நம்ம சட்டத்துல இப்படி நேரம், வேலைன்னு கட்டுப்பாடு போட்டு ஓட்ட விடுற ஏற்பாடு இல்லை. வண்டி வகையைப் பிரிக்கிறதோட நின்னுடுது.

"தப்பு செஞ்சவனுக்கு எதுக்குச் சலுகை?"ன்னு கமெண்ட்ல கேட்பீங்க. நியாயமான கேள்வி. குடிச்சிட்டு ஓட்டினவர், உயிரைப் பறிச்ச விபத்துல சிக்கினவர், ரெண்டாவது தடவை மாட்டினவர், இவங்க யாருக்கும் நாம இதைக் கேட்கலை. முதல் தடவை, சின்ன தப்பு, வண்டிதான் பிழைப்பு. இந்த மூணும் சேர்ந்தவங்களுக்கு மட்டும் கேட்கிறோம்.

வேற வழியே இல்லாம வெச்சா என்ன ஆகும்னும் யோசிங்க. வயிறு காயுறவன் தடையை மீறி வண்டியை எடுப்பான். பிரிவு 182 படி அதுக்கு 3 மாசம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். நடுவுல விபத்து நடந்தா, தகுதி இழந்தவர் ஓட்டினார்னு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துட்டு வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு கோர்ட் சொன்னா, அந்தக் குடும்பம் எழுந்திருக்கவே முடியாது. நேரம், வேலை குறிச்சுக் கொடுத்த லைசென்ஸ்னா வண்டியும் கண்காணிப்புல இருக்கும், இன்ஷூரன்ஸும் இருக்கும்.

நம்ம கோரிக்கை மூணு

1. தப்பு நடந்த வண்டி வகைக்கு மட்டும் தடை போடுறதைப் பரிசீலிக்கச் சொல்லி எல்லா ஆர்.டி.ஓ.வுக்கும் மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பணும்.

2. லைசென்ஸ் கைப்பற்றின 7 நாளுக்குள்ள விசாரணை நடக்கணும். காத்திருந்த நாளையும் அந்த 3 மாசத்துல கழிக்கணும்.

3. பிழைப்புக்கான கட்டுப்பாட்டு லைசென்ஸுக்கு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தணும். மோட்டார் வாகனம் பொதுப்பட்டியல்ல இருக்கு. அதனால ஜனாதிபதி ஒப்புதலோட நம்ம சட்டமன்றமே முதல் அடி எடுத்து வைக்கலாம்.

சட்டம் மாறுற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது

லைசென்ஸைக் கொடுத்தா சீட்டு வாங்காம நகராதீங்க. அந்தச் சீட்டு எந்தப் பிரிவுலன்னு பாருங்க, வண்டி ஓட்டலாமா கூடாதான்னு அதுதான் முடிவு பண்ணும். ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தா வாயால பதில் சொல்லிட்டு வந்துடாதீங்க, எழுத்துல கொடுங்க. பேட்ஜ், ஆர்.சி., டியூ கட்டின ரசீது எல்லாத்தையும் இணைச்சு, "19(1ஏ) படி இந்த வகை வண்டிக்கு மட்டும் தடை போடுங்க"ன்னு கேளுங்க. கொடுத்ததுக்கு ஒப்புகை வாங்குங்க. உத்தரவு பாதகமா வந்தா, கையில கிடைச்ச நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம், பிரிவு 19(3). தடைக்காலம் முடிஞ்சா லைசென்ஸ் தானா திரும்பி வராது. புத்தாக்கப் பயிற்சியை முடிச்சாத்தான் கொடுப்பாங்க, அதனால கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. தடை இருக்கிறப்ப மட்டும் எக்காரணம் கொண்டும் வண்டியை எடுக்காதீங்க.

உங்க ஏரியா ஆட்டோ ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்ல இந்தப் பதிவைப் போடுங்க. வாட்ஸ்அப் பார்க்காத பெரியவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. யாருக்காவது தடை உத்தரவு வந்திருந்தா, அந்த 30 நாள் கணக்கு ஓடிக்கிட்டிருக்குன்னு இன்னிக்கே சொல்லிடுங்க.

ஹெல்மெட் போட்டுட்டுக் கிளம்புங்க, சொந்தங்களே.

#பிழைப்புக்கு_லைசென்ஸ்