மணி கோக்கச் சொல்லித் தருகிறார்களாம்!

கம்மல் செய்வது எப்படி, பாசிமணி மாலை கோப்பது எப்படி என்று கைபேசியில் கொட்டிக் கிடக்கும் வீடியோக்களைப் பற்றி இன்று கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். கோபிப்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பாடம் என்ற பெயரில் வருகிற இவற்றில் பெரும்பாலானவை கடை விளம்பரம்.

எழுபது தாண்டிய கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே மஞ்சக்குட்டையில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. சேலத்தில் வேலை என்றால் தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும், வீட்டில் சம்மதிக்கவில்லை. "பாட்டி, வீட்லயே உக்காந்து நகை செஞ்சு விக்கலாமாம். நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று வந்தாள். டவர் கிடைக்கிற திண்ணையில் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம்.

என்ன பார்த்தோம்? பாட்டு ஓடுகிறது, விரல்கள் ஓடுகின்றன, மூன்று நிமிடத்தில் ஒரு ஜோடி கம்மல் தயார். "இந்தக் கம்பிய எடுத்துக்கோங்க" என்கிறார்கள். எந்தக் கம்பி? எத்தனை கேஜ்? எவ்வளவு நீளம்? ஒரு சொல் கிடையாது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. 20 கேஜ் சுமார் 0.8 மில்லிமீட்டர், 24 கேஜ் சுமார் 0.5 மில்லிமீட்டர். காதில் மாட்டும் கொக்கிக்கு முதலாவது தாங்கும். இந்தப் பெண் 26 கேஜ் வாங்கி வைத்திருந்தாள். மணியைக் கோத்து மாட்டியதும் கொக்கி நீண்டு தொங்கிவிட்டது. "எனக்குக் கைவேலை வராது பாட்டி" என்றாள். கைக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லித் தந்தவர் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பியும் மணியும் சேர்ந்த பாக்கெட்டை எங்கே வாங்கலாம் என்பதை மட்டும் மறக்காமல் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

அடுத்தது உலோகம். மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருப்பது சகஜம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது சிவந்து, அரித்து, நீர் வடியும். ஐரோப்பியர்கள் 1994-லேயே, தோலில் படும் நகைகளில் நிக்கலுக்கு வரம்பு கட்டி உத்தரவு போட்டார்கள். குத்திய காதில் போடுவதற்குத் தனியாகக் கடுமையான விதி. நாம் பார்த்த வீடியோக்களில் அந்தச் சொல்லே வரவில்லை. ஒரு வீடியோவில் குன்றிமணியைத் துளையிட்டுக் கோக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. குன்றிமணிக்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. கடினமான தோல் உள்ளவரை அது உள்ளேயே அடங்கிக் கிடக்கும். துளை போட்டால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மாலையைக் குழந்தை வாயில் வைத்துக் கடித்தால்? இதைச் சொல்லாதவரை ஆசிரியர் என்று நான் ஏற்க மாட்டேன்.

"இலவசமாகத் தருகிறார்கள், அதற்கும் குறை சொல்லலாமா?" என்று என் மருமகன் கேட்கிறார். இலவசமா? அந்தப் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு அவள் அம்மாவின் கூலி. அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டே போனதில், "முத்து மாலை கோத்துக் கொடுங்கள், மாலைக்கு இவ்வளவு கூலி" என்று ஒரு விளம்பரம் வந்தது. முதலில் டெபாசிட் 1,500 ரூபாய். பொருள் தபாலில் வந்தது. இரவெல்லாம் கோத்து அனுப்பினாள். "தரம் சரியில்லை" என்று ஒரு செய்தி வந்தது. அதோடு எண் அணைந்துவிட்டது. யாருக்காவது இப்படி நடந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். இணையவழிப் பண மோசடிக்கென்றே உள்ள எண். வேலை தருகிறவன் கூலி கொடுப்பான், டெபாசிட் கேட்க மாட்டான். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இதை மனப்பாடம் செய்து வையுங்கள்.

நல்ல பாடமே இல்லையா என்றால், இருக்கிறது. தேடத் தெரிய வேண்டும். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். கைவேலை வகுப்பில் எங்கள் கன்னியாஸ்திரி ஒருவர் தையலின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "லான்வேர்!" என்று கையை நீட்டுவார். பின்பக்கத்தைக் காட்டு என்று அர்த்தம். பின்பக்கம் அலங்கோலமாக இருந்தால் எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்வார். வீடியோவுக்கும் அந்தச் சோதனைதான். வேலை முடிந்ததும் பின்பக்கத்தைக் காட்டுகிறாரா? தொடங்கும் முன் கம்பியின் கேஜ், நீளம், மணியின் அளவு எல்லாவற்றையும் பட்டியலாகச் சொல்கிறாரா? ஒரு கண்ணியில் தவறு வந்தால் எப்படிப் பிரிப்பது என்று காட்டுகிறாரா? ஒரு ஜோடிக்குப் பொருள் செலவு எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, அதற்கு என்ன விலை வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறாரா? இந்த நான்கும் இருந்தால் உட்கார்ந்து பாருங்கள். தமிழிலும் அப்படிச் செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். சமையலறை வெளிச்சத்தில், பாட்டு இல்லாமல், நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். பார்ப்பவர்கள் கூட்டம்தான் குறைவு.

ஆனால் என் முக்கியமான வழக்கு இதுவல்ல. மணி கோக்கக் கற்றுக்கொள்ள நாம் ஏன் கைபேசியில் தேடிக்கொண்டிருக்கிறோம்?

புதுச்சேரிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் அரிக்கமேடு. 1945-ல் வீலர் தோண்டினார், அப்புறம் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர். கண்ணாடியை உருக்கி நீளக் குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனையை உருட்டி மணி செய்திருக்கிறார்கள். அந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. எங்கள் சின்ன வயதில், மழை பெய்து ஓய்ந்தால் அந்த மண்ணில் மணி பொறுக்கலாம் என்பார்கள். இந்தப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல். துளை போடாத, பாதி மெருகு ஏற்றிய கல்மணிகள் அங்கே அகழாய்வில் கிடைத்தன. அதாவது பட்டறையே அங்கே இருந்தது. பிரெஞ்சில் முத்துக்கும் கோக்கும் மணிக்கும் 'பெர்ல்' என்று ஒரே சொல்தான். நமக்கு முத்து வேறு, பவளம் வேறு, பாசி வேறு, மணி வேறு. இத்தனை சொல் வைத்திருந்த ஊரில் இன்று பிளாஸ்டிக் உருண்டையை 'பியர்ல்' என்று விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

பழம்பெருமை போதும். இன்று உயிரோடு இருக்கிற ஆசிரியர்களைப் பார்ப்போம். சீசன் நாட்களில் ஏற்காடு ஏரிப் பக்கம் போங்கள். நரிக்குறவர் பெண்கள் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் ஒரு குறடு, கொஞ்சம் கம்பி, மடியில் மணி. வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே கண்ணி முறுக்குவார்கள். கண்ணிகள் எல்லாம் ஒரே அளவு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்; எங்கள் கன்னியாஸ்திரி பார்த்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருக்க மாட்டார். அம்மாவிடமிருந்து மகள், மகளிடமிருந்து பேத்தி என்று வந்த படிப்பு அது. அவர்களிடம் நாம் என்ன செய்கிறோம்? நாற்பது ரூபாய் மாலையை இருபதுக்குக் கேட்கிறோம். பேரம் படியாவிட்டால் முகத்தைச் சுளிக்கிறோம். வீட்டுக்கு வந்து, முகமே காட்டாத இரண்டு கைகளிடம் பாடம் கேட்கிறோம்.

இந்த மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எத்தனை ஆண்டு கேட்டுக் கேட்டுக் கிடைத்தது! சான்றிதழ் கிடைத்தால் மட்டும் போதுமா? அவர்கள் தொழிலுக்கு மரியாதை யார் கொடுப்பது?

அரசு அலுவலகத்தில் காலம் முழுக்கக் கோப்பு எழுதியவள் நான். அதனால் கோரிக்கையைக் கோப்பு பாணியிலேயே வைக்கிறேன். ஒன்று, மலை ஊராட்சிகளின் மகளிர் குழுக்கள் மணி வேலைப் பயிற்சி நடத்தினால், நரிக்குறவர் பெண் ஒருவரைப் பயிற்றுநராக அழைக்க வேண்டும். மற்றப் பயிற்றுநர்களுக்குத் தரும் அதே நாள் ஊதியம், அதே நாற்காலி, அதே காப்பி. இரண்டு, மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம் என்பதை மலை மேலும் வந்து சொல்ல வேண்டும். கீழே நோட்டீஸ் ஒட்டினால் மஞ்சக்குட்டைக்குத் தெரியாது. மூன்று, வீடியோ போடும் தாய்மார்களே, கேஜும் உலோகமும் சொல்லிவிட்டுப் பிறகு கடையைச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் வரும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஏரிக்கு வருகிறாள். அங்கே உட்காரும் ஒரு அம்மாவிடம் பேசிவிட்டேன். இரண்டு மணி நேரம் சொல்லித் தர முந்நூறு ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசவில்லை.