21 நாளுக்கு ஒருமுறை

அறுவைச் சிகிச்சை நடக்கிற அன்று மருத்துவமனை வாசலில் நிற்க ஆள் பஞ்சமே இருக்காது. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். பிளாஸ்க்கில் காபி வரும். ரத்தம் கொடுக்க இளவட்டங்கள் வரிசையில் நிற்பார்கள். யாராவது ஒரு பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து குலதெய்வத்துக்கு வைப்பார். நம் மக்களின் இந்தக் குணத்தை எந்த நாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் என் தங்கை மகன் தேறிவந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கூட்டம் கலைந்த பிறகுதான் நோயாளிக்கு மனிதர்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள்.

அவன் நாயனம் வாசிக்கிறவன். அப்பா தவில். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரம் படித்துக்கொண்டே, முகூர்த்த நாட்களில் அப்பாவின் செட்டோடு கல்யாணங்களுக்கும் போய்வந்தான். 17 வயதில் திடீரென்று அவனுக்கு மூச்சு போதாமல் ஆயிற்று. சாமி புறப்பாட்டில் நாலு வீதி சுற்றி வருவதற்குள் இரண்டு முறை நாயனத்தை இறக்கினான். நீண்ட பிடிகளைப் பாதியில் விட்டான். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “சாதகம் போதலை தம்பி.” அவனும் நம்பினான். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து இன்னும் பலமாக ஊதினான். ராத்திரி மட்டமாகப் படுக்க முடியாமல் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறான் என்று என் தங்கை கவனித்த பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு மோசமாகக் கசிந்துகொண்டிருந்தது.

“ஊதி ஊதித்தான் புள்ள நெஞ்சு கெட்டுப்போச்சு” என்றது ஊர். தவில்காரரான மாப்பிள்ளையும் அதைக் கேட்டு உடைந்துபோனார். தலைமுறைத் தொழிலே மகனைக் காவு வாங்கிவிட்டதோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தைத் தீர்த்துவைத்தது ஒரு மருத்துவர். சின்ன வயதில் இவனுக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, சில வாரங்களில் முழங்கால் வீங்கியதுண்டா என்று கேட்டார். உண்டு, ஒன்பது வயதில். வளருகிற பிள்ளைக்கு வருகிற வலி என்று தைலம் தேய்த்து விட்டிருந்தார்கள். “அதுதான் காரணம். நாயனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை” என்றார்.

இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருகிற தொண்டைப்புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரும். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும். கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் மூட்டையும் இதயத்தையும் தாக்கிவிடுகிறது. மூட்டுவலி சில நாளில் தடம் தெரியாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த வடு போகாது. அது வருடக்கணக்கில் தடித்துச் சுருங்கி, ஒருநாள் கசிவாகவோ அடைப்பாகவோ வெளியே தெரியும். நெருக்கடியான வீடுகளிலும் மருந்து எட்டாத ஊர்களிலும்தான் இந்த நோய் அதிகம். தொண்டைப்புண்ணுக்கு வேளையோடு கொடுக்கிற பென்சிலின் இதைத் தடுத்துவிடும். அவ்வளவு எளிய மருந்து கிடைக்காமல், அல்லது தேவை என்றே தெரியாமல், பிள்ளைகளின் நெஞ்சைப் பிளக்கவேண்டி வருகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அறுவை நடந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிற முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் வீடு அடமானத்துக்குப் போயிருக்கும். நெஞ்செலும்பை நெடுக்காக அறுத்துத் திறந்து, இதயத்தை நிறுத்தி, ரத்த ஓட்டத்தையும் சுவாசத்தையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, வால்வின் இதழ்களைச் சீராக்கி, சுற்றி ஒரு வளையம் வைத்துத் தைத்தார்கள். சொந்த வால்வையே காப்பாற்ற முடிந்தது அவன் அதிர்ஷ்டம். உலோக வால்வு வைத்திருந்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும், அதற்கான ரத்தப் பரிசோதனையும் கூடவே வந்திருக்கும். அப்படி மாற்ற நேர்ந்தவர்களுக்கும் நம் நாட்டில் ஒரு வழி பிறந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவாக்கிய வால்வை 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வுக்கு வழியில்லாத எத்தனையோ ஏழைகள் அதனால் பிழைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு வந்த அன்று அவன் குரல் கரகரத்தது. தொண்டைக்குள் குழாய் இருந்ததால் அப்படி, சில நாளில் சரியாகிவிடும் என்றார்கள். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தார்கள். மூன்று குழாய், குழாய்க்கு ஒரு பந்து. இதய, நுரையீரல் வார்டுகளில் அநேகமாக எல்லாக் கட்டிலோரத்திலும் இருக்கும். அதன் வாய்க்குழலைக் கவ்வியதும் இவன் பழக்கத்தில் ஊதினான். பந்து அசையவில்லை. “ஊதாதப்பா, உறிஞ்சு” என்றார் பிசியோதெரபிஸ்ட். மூச்சை வெளியே விடுவதையே வித்தையாகப் படித்த பிள்ளைக்கு, உள்ளே இழுப்பதை அரிச்சுவடியிலிருந்து படிக்கவேண்டி வந்தது. முதல் நாள் ஒரு பந்து பாதிதான் ஏறியது. இரண்டாவது பந்து எழுந்த அன்று வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்களாம். தங்கை போனில் சொல்லிச்சொல்லி அழுதாள்.

மூன்று மாதம் நாயனத்தில் வாய் வைக்கக்கூடாது என்று உத்தரவு. அறுத்த எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அது முதல் கட்டமாக ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம், உறுதிப்பட மூன்று மாதம். பலமாக ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், ஒட்டிவருகிற எலும்புக்கு ஆகாது. காரணம் அவனுக்குப் புரிந்தது. மனசுக்குப் புரியவில்லை. வீடு திரும்பிய முதல் வாரங்களில் வந்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். “இனிமே எதுக்குப்பா இந்தத் தொழிலு? கம்ப்யூட்டர் படி, ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கலாம்.” ஒவ்வொருவர் போனதும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். உடம்பைத் தேற்றுகிற வாயாலேயே அவன் வித்தையை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

அவனை மீட்டது அவனுடைய ஜோடி. இசைப்பள்ளியில் கூடப் படிக்கிற பையன். கல்யாணங்களில் இவனுக்கு இணையாக உட்கார்ந்து வாசிப்பவன். முகூர்த்தச் சீசன் என்பதால் அவன் வேறு ஆளோடு வாசிக்கப் போயாக வேண்டும், வயிற்றுப்பாடு. போனான். ஆனால் கச்சேரியில்லாத சாயங்காலங்களில் சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். நாயனத்தில் வாசிப்பதையெல்லாம் வாயால் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த வித்தையின் பாலபாடம். அங்கிருந்தே தொடங்கினார்கள். முதலில் மெல்லப் பாடினார்கள். அப்புறம் ஜோடிப் பையன் வாசிக்க, இவன் தன் நாயனத்தை மடியில் சாய்த்து, ஊதாமல் விரலை மட்டும் ஓட்டினான். தோடியில் துளையைப் பாதி மூடிப் பாதி திறந்து கொண்டுவருகிற அந்த அசைவை விரல் மறக்கவில்லை. மாப்பிள்ளை திண்ணையில் தொடையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் நாயனச் சத்தம் அற்றுப்போகவில்லை. இவன் வாய் வைக்கும் காலம் வரும்வரை மற்றவர்கள் அதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார்கள்.

செட்டுக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கிடைக்கிற பணத்தைப் பங்கு பிரிக்கும்போது இவன் பங்கில் பாதியை இவனுக்காக எடுத்துவைத்தார்கள். தர்மம் என்று யாரும் சொல்லவில்லை. “நம்ம ஆளு லீவுல இருக்கான்” என்றார் செட்டில் மூத்தவர். இவன் இன்னும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்பதை அந்தப் பாதிப் பங்கு மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை எழுதும்போது கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவு வருகிறது. பாரிஸை ஒட்டிய வண்டிவீடுகளில் வளர்ந்த ரோமா இனத்துப் பையன். 1928-இல், அவனுக்கு 18 வயதில், வண்டிவீடு தீப்பற்றியது. காலும் இடக்கையும் வெந்தன. காலை எடுக்கவேண்டி வரும் என்றார்கள் மருத்துவர்கள், அவன் சம்மதிக்கவில்லை. இடக்கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுருண்டு போயின. சுமார் ஒன்றரை ஆண்டு அவன் படுக்கையில் கிடந்த காலத்தில் தம்பி ஜோசப் ஒரு கித்தாரை வாங்கிவந்து கொடுத்தான். மிஞ்சிய இரண்டு விரல்களுக்கு ஏற்றபடி வாசிப்பு முறையையே அவன் புதிதாகக் கண்டுபிடித்தான். 1934-இல் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து பாரிஸில் அமைத்த ஐவர் குழு, ஐரோப்பிய ஜாஸின் போக்கையே மாற்றியது. அந்த மேதைமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தம்பியைப் பிடிக்கும். இனி இவன் வாசிக்கமாட்டான் என்று மற்றவர்கள் நினைத்திருந்த நேரத்தில், கித்தாரைக் கையில் கொடுக்கத் தோன்றியதே அவனுக்கு!

எங்கள் பையன் மூன்று மாதம் முடிந்து பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகு, மருத்துவர் சொன்ன அளவோடு ஊதத் தொடங்கினான். முதலில் வெறும் சீவாளி. பிறகு நாயனத்தில் ஒரே ஷட்ஜம், சில நிமிடம், அப்புறம் ஓய்வு. வாத்தியார் அவசரப்படுத்தவில்லை. நீண்ட பிடிகளை உடைத்து, எங்கெங்கே மூச்சு எடுக்கலாம் என்று புதிதாக இடம் குறித்துக் கொடுத்தார். இப்போது கோயிலில் சாயரட்சைக்கு வாசிக்கிறான். கல்யாணங்களில் ஜோடியாக உட்காருகிறான்.

ஊரைப் பொறுத்தவரை கதை இங்கே முடிந்துவிட்டது. உண்மையில் நீண்ட பகுதி இனிமேல்தான். இன்னொரு தொண்டைப்புண் வந்து பழைய நோயைக் கிளப்பிவிட்டால், சரிசெய்த வால்வு மறுபடி கெடும். அதைத் தடுக்க 21 நாளுக்கு ஒருமுறை பென்சதைன் பென்சிலின் ஊசி போட்டாக வேண்டும். தசைக்குள் தங்கி மெல்லமெல்லக் கரைந்து ரத்தத்தில் கலக்கும் மருந்து அது. மூன்று வாரம் தாண்டினால் காவல் தளர்ந்துவிடும். ஊசி கடுமையாக வலிக்கும். அன்று சாயங்காலம் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பது பெரும்பாடு. பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே மருந்து எடுக்க வேண்டும். வாயில்தான் தொழில் என்பவனுக்கு இது இரட்டைக் கவனம். உடம்பு நன்றாக இருக்கும்போது ஊசிக்குப் போவது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வலியும் இல்லை, ஒரு மூச்சுத்திணறலும் இல்லை, நாளைக்கு முகூர்த்தம் வேறு. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். இந்த நோய் உள்ள பிள்ளைகளில் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

மாப்பிள்ளை வீட்டு நாட்காட்டியில் முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையால் சுழித்திருப்பார்கள். இப்போது நீல மையிலும் சுழிகள் இருக்கின்றன. நீலத்தைப் போடுவது ஜோடிப் பையன். சிவப்பும் நீலமும் ஒரே தேதியில் விழுந்தால் முதல் நாளே போய் ஊசி போட்டுவிட்டு வருவார்கள். ஒவ்வொரு முறையும் அவனும் கூடப் போகிறான். “நீ எதுக்குடா வர்ற? நானே போயிக்க மாட்டனா?” என்று எங்கள் பையன் கேட்டதற்கு, “ஒனக்கு மூச்சு போனா எனக்கு ஜோடி போச்சுடா” என்றானாம்.

நோயுற்ற ஒருவரைத் தாங்குவது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆப்பிள் பையோடு ஒருமுறை வந்து பார்ப்பது நல்ல காரியம். அது ஒருநாள் வேலை. இருபத்தோராம் நாளும் நாற்பத்திரண்டாம் நாளும் யாரும் கேட்காமல் வந்து நிற்பது வேறு. அதற்குப் பணம் வேண்டாம், மருத்துவ அறிவு வேண்டாம். தேதியை நினைவில் வைத்திருந்தால் போதும்.

வால்வில் அறுவை நடந்தவர்களுக்கு இந்த ஊசி குறைந்தது நாற்பது வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். ஆண்டுக்குச் சுமார் 17 ஊசி. இவன் நாற்பதைத் தொடுவதற்குள் 400-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குள் இவனுக்குக் கல்யாணம் ஆகும், ஜோடிப் பையன் வேறு ஊருக்குப் போகவும் கூடும். அப்போது அந்த நீலச் சுழியை வேறு யாராவது போடவேண்டும். நானும் என் பங்குக்குத் தேதிகளைக் குறித்துவைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் நெஞ்சில் தழும்போடு ஒரு பிள்ளை இருக்கலாம். அடுத்த ஊசி எப்போது என்று கேளுங்கள். அன்று காலையில் அவனோடு கூடப் போய்வாருங்கள்.